சுகேசதா கையொப்பம், எய்ஷோ 8 தேதி: உண்மைதானா என்று எப்படிச் சோதிப்பது?

கார்முகில்7:

வணக்கம். ஒரு ஜப்பானிய வாளின் கைப்பிடியைக் கழற்றிப் பார்த்ததில், அதற்குள் மறைந்திருந்த இரும்புக் காம்பின் இரண்டு பக்கமும் எழுத்து வெட்டியிருக்கிறது. ஒரு பக்கம் ஆறெழுத்து. எழுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டு "பிஷூ ஒசாஃபுனே சுகேசதா" என்று படித்தேன். மறுபக்கம் ஏழெழுத்து: "எய்ஷோ ஹச்சி நென் ஹச்சி கட்சு ஹி". அதாவது எய்ஷோ என்ற ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் எட்டாம் ஆண்டு, எட்டாம் மாதம்.

அளவுகள்: முதுகுப் பக்கத்துப் படியிலிருந்து முனைவரை நேர்கோட்டில் 62.1 செ.மீ., வளைவு 1.9 செ.மீ., காம்பு 14 செ.மீ. காம்பில் இரண்டு துளைகள். பெயர் இருக்கும் பக்கம் துரு நல்ல கருப்பு. தேதி இருக்கும் பக்கத்தில் மேற்பரப்பு கருப்புதான், ஆனால் எழுத்துக் கோடுகளின் அடி மட்டும் செம்பழுப்பாக இருக்கிறது.

ஜப்பானில் கொடுத்த பழைய பதிவு அட்டையின் நகல் கூடவே இருக்கிறது. அதில் கையொப்பம் என்ற இடத்தில் இதே பெயர்தான் எழுதியிருக்கிறார்கள். அதையே சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? சுகேசதா என்ற பெயரில் பலர் இருந்தார்களாமே, இது அவர்களில் யார்? துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் படம் எடுத்தால் எழுத்து இன்னும் தெளியுமா?

உளியோசை:

முதலில் கடைசிக் கேள்விக்கு: கம்பித் தூரிகை, மணல்தாள், துரு நீக்கும் திரவம், வினிகர் எதுவும் காம்பின் பக்கம் போகக்கூடாது. வாளின் அலகைத் திரும்பத் திரும்பச் சாணை பிடித்திருப்பார்கள். காம்பை யாரும் தொடுவதில்லை. அதனால் வயதைச் சொல்லும் முதல் சாட்சி அந்தத் துருதான். அது போனால் உண்மையான கையொப்பமும் பொய்போலத் தெரியும், விலையும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். உதிரும் புதுத்துரு இருந்தால் உலர்ந்த பருத்தித்துணியால் ஒற்றி எடுங்கள், அது போதும். எண்ணெய் அலகுக்கு மட்டும். காம்பில் தடவினால் கைப்பிடியின் மரம் ஊறி இளகும்.

எழுத்து தெளிய வேண்டுமானால் வெளிச்சத்தை மாற்றுங்கள். கேமராவின் சொந்த ஃபிளாஷை அணைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு சிறு விளக்கைக் காம்பின் பரப்புக்கு 15 முதல் 20 பாகை சாய்வில் வையுங்கள். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று ஒரே எழுத்துக்கு மூன்று படம் வேண்டும். கிடைக்கோடுகள் பக்கவாட்டு ஒளியில் மறையும், நெடுக்கோடுகள் மேலொளியில் மறையும். ஒரே படத்தை வைத்துப் படிப்பவர்கள் ஒரு கோட்டை விட்டுவிட்டு வேறு பெயராக வாசிப்பது இதனால்தான். கேமரா காம்புக்கு நேர்செங்குத்தாக இருக்கட்டும், பக்கத்தில் ஓர் அளவுகோல் தெரியட்டும்.

இன்னும் நல்ல வழி ஒஷிகாதா, அதாவது படியெடுத்தல். மெல்லிய ஜப்பானியத் தாளைக் காம்பின்மேல் அசையாமல் போர்த்தி, மெழுகு கலந்த கருங்கட்டியால் மேலோட்டமாகத் தேய்க்க வேண்டும். கோடுகள் வெள்ளையாக விழும், அரம் போட்ட தடங்களும் சேர்ந்தே பதியும். தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கோடு இரட்டையாகும், அப்போது புதுத்தாளில் மறுபடி தொடங்குவதே நல்லது.

வாசிப்பு சரிதான் என்று தோன்றுகிறது. மாதத்தைக் குறிக்கும் எழுத்து நெடிய சட்டம்போல் இருக்கும், உள்ளே இரண்டு குறுக்குக் கோடுகள், அடி திறந்திருக்கும். நாளைக் குறிக்கும் எழுத்து நாற்புறமும் மூடிய பெட்டி, நடுவே ஒரே கோடு. எட்டு என்பது ஒன்றையொன்று தொடாமல் விலகிச் சாயும் இரண்டு கோடுகள். இந்த மூன்றும் தெரிந்தால் எந்த வாளிலும் தேதிப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எட்டாம் மாதம் என்பதை நேர்ப்பொருளில் எடுக்க வேண்டாம். இரண்டாம் மாதம், எட்டாம் மாதம் இரண்டையும் வழக்கத்துக்காகவே வெட்டினார்கள், நாளின் எண்ணையும் பெரும்பாலும் எழுதமாட்டார்கள்.

ஆண்டுக் கணக்கு: எய்ஷோ முதலாண்டு 1504. தொடக்க ஆண்டோடு எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும், 1504 + 8 − 1 = 1511. எய்ஷோ 18-ஆம் ஆண்டோடு, 1521-இல், முடிகிறது. ஒரு வாளில் எய்ஷோ 21 என்று இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டிய அவசியமே இல்லை.

வடிவாள்:

ஜப்பானியத்தில் இந்தப் பொறிப்புக்குப் பெயர் "மெய்". நம் காதுக்கு உண்மை என்று கேட்கும், அங்கே அது வெறும் பொறிப்புதான். பொய்ப் பொறிப்பு "கிமெய்". வரலாற்றில் பெயர்பெற்ற கொல்லர்கள் அத்தனை பேரின் மெய்யும் பொய்யாக வெட்டப்பட்டிருக்கிறது. எனவே பெயரைப் படித்துவிட்டு அதற்கேற்ற வாளைத் தேடக்கூடாது. பெயரை ஒரு துணியால் மூடிவிட்டு, வாள் எந்தக் காலம், எந்த ஊர் என்று சொல்லப் பாருங்கள். அதற்குப் பிறகு துணியை எடுங்கள்.

உங்கள் அளவுகளை மட்டும் வைத்துச் சொல்கிறேன். 62 செ.மீ. அலகு, 14 செ.மீ. காம்பு என்றால் ஒரு கையால் வீசும் வாள். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிசென் நாட்டில் (பிஷூ என்பது அதன் சுருக்கம், ஒசாஃபுனே அங்குள்ள ஊர்) இதே அமைப்பில் ஏராளமாக அடித்தார்கள். வளைவு நடுவில் இல்லாமல் முனையை ஒட்டி அதிகமானால் இன்னும் பொருத்தம். கூரை ஒட்டிப் பதமேற்றிய பகுதியின் எல்லைக்கோடான பதவிளிம்பு, அதாவது ஹாமோன், அடி அகன்று எழும் அலைகளாகவும், சில இடங்களில் அலையின் தலை நண்டின் கொடுக்குப்போல் இரண்டாகப் பிளந்தும் இருக்கிறதா பாருங்கள். காம்பின் நுனி செஸ்ட்நட் கொட்டையின் அடிபோல் உருண்டிருக்க வேண்டும். அரத்தடங்கள் இலேசாகச் சரிந்தவை. காம்பின் தலைப்பில் அழகுக்காக வேறு திசையில் போட்ட அரத்தடம் கண்ணில் பட்டால், அது 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய "எதோ" ஆட்சிக் காலத்து வழக்கம். 1511 என்ற தேதியோடு ஒட்டாது.

எந்தப் பக்கம் பெயர் இருக்கிறது என்பதும் முக்கியம். முனையை மேலே பிடித்துப் பெயர்ப் பக்கத்தைப் பாருங்கள். கூர் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அது இடைவாரில் கூர்மேலாகச் செருகும் கதானாவின் கையொப்பம். வலப்பக்கம் இருந்தால் கூர்கீழாகத் தொங்கவிடும் தாச்சியின் கையொப்பம். உங்களுடையது இடப்பக்கமாக இருக்க வேண்டும். இதைக் கண்மூடித்தனமாகவும் பிடித்துக்கொள்ளக்கூடாது. ஹிசென் நாட்டுத் ததயோஷி வழியினர் கதானாவிலேயே தாச்சிப் பக்கம்தான் பெயர் வெட்டுவார்கள். அவர்கள் விஷயத்தில் "சரியான" பக்கத்தில் பெயர் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

யார் இந்தச் சுகேசதா என்றால், அந்தப் பெயரில் அறுபது பேருக்குமேல் பதிவாகியிருக்கிறார்கள். பொதுவான வழிகாட்டி இது: "பிசென் நோ குனி ஜூ ஒசாஃபுனே" என்று நாட்டுப் பெயரை முழுதாக எழுதி, யோசோசாஎமொன் நோ ஜோ, ஹிகோபேய் நோ ஜோ, கென்பேய் நோ ஜோ என்று ஆளின் சொந்தப் பெயரும் சேர்ந்தால் அது ஒருவர் சொல்லி அடித்த வாள். "பிஷூ ஒசாஃபுனே சுகேசதா" என்று ஆறெழுத்தோடு நின்றால் பெரும்பாலும் போருக்காகக் கூட்டமாக அடித்த வாள், கசுஉச்சி. விதிவிலக்கு உண்டு, ஆனால் ஆறெழுத்தை வைத்துக்கொண்டு தனி ஆளைத் தேடினால் பயன் இராது. எய்ஷோ காலத்து ஒசாஃபுனே பட்டறை வாள் என்ற அளவில் நிறுத்துங்கள். பின்னால் அதே நூற்றாண்டின் இறுதியில் யோஷீ ஆற்று வெள்ளம் அந்த ஊரையே அடித்துக்கொண்டு போனது.

மலிவான கசுஉச்சிக்கு யார் பொய்க் கையொப்பம் போடப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். முழுப்பெயரைப் பொய்யாக வெட்டுவது குறைவு. இருக்கிற பெயரோடு சொந்தப் பெயரைச் செருகுவதும், வெறுமையாக இருந்த மறுபக்கத்தில் நல்லதொரு தேதியைச் சேர்ப்பதும் நடக்கும். உங்கள் செம்பழுப்புக் கோடுகள்தான் எனக்கு உறுத்துகின்றன.

இரண்டு காரணம் இருக்கலாம். யாரோ எழுத்தைப் படிக்க ஊசியால் கோட்டைக் கிளறியிருக்கலாம். அப்படியானால் கோட்டின் அடியில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் தெரியும், கோட்டின் வாய் மழுங்கியே இருக்கும். அல்லது தேதியைப் பின்னால் வெட்டியிருக்கலாம். பிரித்தறிய 10 மடங்கு லென்ஸ் போதும். துருக்குழி ஒன்றும் கோடு ஒன்றும் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள். பழைய கோடாக இருந்தால் துருக்குழி கோட்டைத் தின்றிருக்கும், குழிக்குள் கோடு காணாமல் போகும். புதிய கோடாக இருந்தால் உளி குழிக்குள்ளும் இறங்கி ஏறியிருக்கும், குழியின் அடியிலும் கோட்டின் கூரான விளிம்பு தெரியும்.

இன்னொன்று. கையொப்ப உளி இரும்பைச் செதுக்கி எடுப்பதைவிட இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளுவதே அதிகம். அதனால் கோட்டின் ஓரத்தில் மெல்லிய வரப்பு எழும். நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். பெயர்ப் பக்கம் வரப்பு உருண்டு, தேதிப் பக்கம் வரப்பு முள்போல் குத்தினால் இரண்டும் ஒரே நாளில் வெட்டியவை அல்ல.

கார்முகில்7:

நன்றி இருவருக்கும். பார்த்தேன். பெயர்ப் பக்கம் கூர் இடப்பக்கம்தான். "ஃபுனே" எழுத்தின் கீழ்ப்பாதியைத் துருக்குழி தின்றிருக்கிறது, குழிக்குள் கோடு இல்லை. தேதிப் பக்கம் "நென்" எழுத்தின் நெடுங்கோடு ஒரு குழியைக் கடக்கிறது, குழியின் அடியிலும் கோடு தொடர்கிறது. நகத்தில் அந்தப் பக்கம் சற்றுக் கூராகப் படுகிறது. ஊசிக்கீறல் எதுவும் தெரியவில்லை.

இரண்டு துளைகளில் மேலே உள்ளது வட்டம் பிசகியது, ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். கீழே உள்ளது கச்சிதமான வட்டம்.

இரும்பன்:

துளையில் கவலைப்பட ஒன்றுமில்லை. வட்டம் பிசகியது பழைய முறையில் குத்தித் துளைத்தது, கச்சிதமானது துரப்பணத்தால் பிறகு போட்டது. புதுக் கைப்பிடி செய்யும்போது ஆணி பொருந்தாவிட்டால் இன்னொரு துளை போடுவார்கள். ஆனால் அந்த இரண்டாம் துளை எந்த எழுத்தையாவது வெட்டுகிறதா என்று பாருங்கள். பெயரின் எழுத்தைத் துளை வெட்டியிருந்தால் பெயர் துளைக்கு முந்தியது என்று உறுதியாகும். தேதியின் எழுத்துகள் துளையைச் சுற்றி ஒதுங்கி, இடைவெளி கூடிக் குறைந்து நின்றால், துளை இருந்த பிறகு வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அளவுகோலை வைத்து எழுத்துக்கு எழுத்து மையத் தூரத்தைக் குறியுங்கள்.

அப்படியே ஓர் இரும்புச் சட்டத்தின் நேர்விளிம்பைத் தேதிப் பக்கம் நெடுக்காகச் சாய்த்து, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். எழுத்துப் பகுதியில் மட்டும் ஒளி கசிந்தால் அங்கே பரப்பைச் சுரண்டி, முன்பு இருந்த எதையோ அழித்துவிட்டு வெட்டியிருக்கிறார்கள். ஒளி கசியாவிட்டால் வெற்றிடத்தில் சேர்த்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். வெர்னியர் காலிப்பரால் காம்பின் தடிப்பை ஐந்தாறு இடத்தில் எடுத்தாலும் இதே விடை கிடைக்கும். காம்பு நுனியை நோக்கிச் சீராக மெலிய வேண்டும், நடுவில் திடீரென்று இறங்கக்கூடாது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பெயர் பழையது, தேதி பிறகு வந்தது என்ற பக்கமே தராசு சாய்கிறது. பெயர் பழையது என்பதற்கும் அந்தப் பெயர்க்காரர் வெட்டியது என்பதற்கும் நடுவே இன்னும் தூரம் இருக்கிறது. இருநூறு ஆண்டுக்கு முன் வெட்டிய பொய்க்கும் இருநூறு ஆண்டுத் துரு ஏறியிருக்கும். துருச்சோதனையில் பிடிபடுவது சமீபத்துப் பொய் மட்டுமே.

அடுத்த படி ஒப்பீடு. சான்று பெற்ற எய்ஷோ காலத்துச் சுகேசதா வாள்களின் காம்புப் படங்கள் குறைந்தது ஐந்து சேருங்கள். இரண்டை வைத்து ஒப்பிட்டால் தற்செயல் ஒற்றுமை ஏமாற்றும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். எழுத்தின் அழகு, கோணல் எல்லாம் நாளுக்கு நாள் மாறும், அதில் காலத்தைச் செலவிட வேண்டாம். உளியின் பழக்கத்தைப் பாருங்கள். கோடு எங்கே தொடங்குகிறது, தொடக்கத்தில் முக்கோணப் பள்ளம் ஆழமா, முடிவில் உளி தூக்கப்பட்டதா அல்லது சட்டென்று நின்றதா, குறுக்குக் கோடு வலப்பக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா, முதல் எழுத்து துளையிலிருந்தும் முதுகு விளிம்பிலிருந்தும் எத்தனை மில்லிமீட்டர். பொய் வெட்டுபவன் படத்தைப் பார்த்து உருவத்தைக் கொண்டுவந்துவிடுவான், வேகம் வராது. அவன் கோட்டில் உளி தயங்கித் தயங்கி நின்ற சிறு படிகள் சீரற்று இருக்கும், வளைவில் இரண்டு மூன்று தடவை திருத்தியிருப்பான்.

தேதி இருந்தால் இன்னொரு பொறியும் வைக்கலாம். சில கொல்லர்கள் கையொப்ப வடிவத்தையே ஒரு கட்டத்தில் மாற்றியிருக்கிறார்கள். எதோ நகரத்துக் (இன்றைய தோக்கியோ) கொல்லர் நாகசோனே கோதெட்சு தன் பெயரின் "தோரா" எழுத்தின் கடைசிக் கோட்டை முதலில் நீட்டிச் சுழற்றுவார், 1664 வாக்கில் பெட்டிபோன்ற வடிவத்துக்கு மாறுகிறார். ஒசாகாவின் இரண்டாம் சுகேஹிரோ கட்டையான எழுத்திலிருந்து உருண்ட எழுத்துக்கு 1674-இல் மாறுகிறார். பெட்டித் தோராவோடு 1662 தேதி என்றால் வாளைப் புரட்டிப் பார்க்கவே வேண்டாம். கோதெட்சு பெயரில் சந்தைக்கு வருவதைப் பார்த்த உடனே பொய் என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே நடைமுறை.

உளியோசை:

பதிவு அட்டை விஷயம் விட்டுப்போயிற்று. அது சான்றல்ல. ஜப்பானில் மரபு முறையில் அடித்த வாளை வைத்திருக்க, அந்தந்த மாகாணக் கல்வி வாரியம் கொடுக்கும் அட்டை அது. புதுப் பதிவுக்கு 6,300 யென். வகை, நீளம், வளைவு, துளை எண்ணிக்கை, கையொப்பம் என்று வாளை அடையாளம் காணத் தேவையானதை மட்டும் எழுதுவார்கள். கையொப்பம் என்ற இடத்தில் காம்பில் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே பகர்த்திவைப்பார்கள். பொய்யாக வெட்டியிருந்தாலும் அதுதான் அங்கே வரும். ஆனால் உங்களுக்கு ஒரு பயன் இருக்கிறது: அட்டையில் மறுபக்கத் தேதியும் எழுதியிருக்கிறதா, துளை ஒன்றா இரண்டா என்று பாருங்கள். தேதி அதில் இல்லாமல் இப்போது காம்பில் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

உண்மைச் சான்று வேண்டுமானால் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் தேர்வுக்கு அனுப்ப வேண்டும். 1948-இல் தொடங்கியது, தோக்கியோவின் ரியோகோகுவில் அவர்களின் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. இப்போதைய படிகள் ஹோசொன், தொகுபெட்சு ஹோசொன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ. இவற்றில் முதல் இரண்டும் 1982-இலிருந்து. அதற்கு முந்தைய கிச்சோ, தொகுபெட்சு கிச்சோ சான்றுத் தாள்கள் வாளோடு வந்தால் அவற்றை மட்டும் நம்பி வாங்காதீர்கள், மறுதேர்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தாள் உண்மையாக இருந்து வாள் மாறியிருப்பதும் உண்டு. தாளில் ஒட்டியிருக்கும் காம்புப் படத்தையும் கையில் இருக்கும் காம்பையும் துருக்குழிக்குத் துருக்குழி பொருத்திப் பாருங்கள். எழுத்தைப் போலி செய்யலாம், குழிகளின் வரிசையைப் போலி செய்வது கடினம்.

கையொப்பம் பொய் என்று தேர்வுக்குழு கருதினால் வாள் தாளில்லாமல் திரும்பும். உங்கள் வாளில் பெயர் நல்லதாக இருந்தாலும் தேதி குறுக்கே நிற்கலாம். உடனே தேதியை அழித்துவிடலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: அழிக்காதீர்கள். அழித்ததை மறுபடி வெட்ட முடியாது, இன்று பொய் என்று தள்ளியதைப் பிறகு மெய் என்று ஏற்றதும் நடந்திருக்கிறது. இரண்டு பேராவது கையில் எடுத்துப் பார்த்து ஒரே கருத்தைச் சொன்ன பிறகு அது பற்றி யோசிக்கலாம்.

நெடுங்கிள்ளி:

இடையில் ஒரு சந்தேகம். என்னிடம் இருக்கும் படங்களில் இன்னொரு காம்பு: இரண்டெழுத்துப் பெயர், அதற்கு மேலே நகக்கண் அளவுக்கு ஒரு முத்திரை, முதுகு விளிம்பில் வெள்ளைச் சாயத்தில் சில எண்கள். இதையும் இதே முறையில் பார்க்கலாமா?

வடிவாள்:

தேவையில்லை, அது இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. சிறு முத்திரை செகி ஊரின் முத்திரையாகவோ ஷோவா முத்திரையாகவோ இருக்கும். இரண்டும் மரபு முறையில் அடிக்காத, பெரும்பாலும் எண்ணெயில் குளிர்வித்த வாளைக் குறிக்கும். பெயர் உண்மையான கொல்லருடையதாகவே இருக்கலாம், வாள்தான் மரபு வாள் ஆகாது, ஜப்பானில் பதிவும் கிடைக்காது. முத்திரை ஐந்துமுனை நட்சத்திரமாக இருந்தால் கதை வேறு. அது தரைப்படை ஏற்ற கொல்லர்களின் குறி, மரபு முறையில் அடித்தது, தனியாக ஒருவரிடம் காட்டத் தகும். சாய எண்கள் உறை, கைப்பிடி, வாள் மூன்றையும் பட்டறையில் ஒன்றாகச் சேர்க்கப் போட்ட குறிகள். அவற்றைக் கையொப்பத்தோடு சேர்த்துப் படிக்காதீர்கள், துடைக்கவும் வேண்டாம்.

கார்முகில்7:

அட்டையைப் பார்த்தேன். துளை இரண்டு என்று இருக்கிறது. கையொப்பத்தில் முன்பக்கம் ஆறெழுத்து, பின்பக்கம் தேதியும் ஏழெழுத்தாக இருக்கிறது. அப்படியானால் அட்டை எழுதும் முன்பே தேதி வந்துவிட்டது. எழுத்துகளின் மையத் தூரம்: பெயர்ப் பக்கம் எல்லாமே 12 மி.மீ. அருகில். தேதிப் பக்கம் 11, 11, 17, 11, 10, 10. அந்த 17 துளையைத் தாண்டும் இடம்.

இரும்பன்:

துளையைப் பார்த்து ஒதுங்கி வெட்டியிருக்கிறார்கள். எந்தத் துளை என்பதுதான் கேள்வி. வட்டம் பிசகிய மேல்துளையானால் இதற்குப் பொருள் அதிகமில்லை, அது முதலிலிருந்தே இருந்தது. கச்சிதமான கீழ்த்துளையானால் தேதி அந்தத் துரப்பணத்துக்கும் பிந்தியது. பக்கவாட்டு ஒளியில் துளையின் விளிம்போடு சேர்த்து ஒரு படம் போடுங்கள், பெயர்ப் பக்கத்து ஒஷிகாதாவும் கூடவே வரட்டும்.